ராயபுரம் நிலையத்துக்குள் பயணிகளை விடுங்கள்: ரயில்வே அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரயில்வே அதிகாரிகளுக்கு,

ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் 1856-இல் பயணிகளுக்காகக் கட்டப்பட்டது. இன்று அதற்குள் போகாதவர்கள் பயணிகள்தான். அந்தத் தூண்களை வெளியிலிருந்து போட்டோ எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருகிறார்கள். மற்ற நாட்களில் நாங்கள் பிளாட்பாரத்தில் கிடைத்த நிழலில் ஒதுங்கி நின்று ரயில் ஏறிப் போய்விடுகிறோம். நிலையம் ஒரு பக்கம், பயணி ஒரு பக்கம் என்ற இந்த ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

நான் இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். நான் வடசென்னையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். கல்மண்டபம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டைப் பிள்ளைகள்தான் என் வகுப்பில் அதிகம். ரயில்வே வந்த கதையை எட்டாம் வகுப்பில் நடத்தும்போது பம்பாய், தாணே என்று பலகையில் எழுதுகிறோம். தெருமுனையில் இருக்கும் ராயபுரத்தைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒரு பையன், "மிஸ், அது சினிமாவுக்குப் போட்ட செட்டு இல்லையா?" என்றான். இன்னொருத்தி அது சர்ச் என்று நினைத்திருந்தாள்.

சரி, நேரில் கூட்டிப் போய்க் காட்டலாம் என்று அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். கொடுத்த அலுவலகத்தில், இது எங்கள் வேலை இல்லை என்று வேறோர் அலுவலகத்தைக் கைகாட்டினார்கள். அங்கே போனால் மறுபடி முதல் அலுவலகத்துக்கே போகச் சொன்னார்கள். கடைசியில் என் கடிதத்தை வாங்கிப் படித்த ஒருவர், "உள்ளே போய்ப் பார்க்க என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குத் தெரியவில்லை. பல வருடம் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவருக்கே சொல்லித் தரப்படாத விஷயம் அது. எனவே முதலில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணேவுக்கு ஓடியது. அந்தப் போரி பந்தர் நிலையம் இன்று இல்லை. அந்த இடத்தில்தான் 1880-களில் விக்டோரியா டெர்மினஸ் எழுந்தது. அடுத்த வருடம் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு ரயில் விட்டார்கள். இன்று நாம் ஹவுராவில் பார்க்கும் பெரிய கட்டடம் 1905-ஐச் சேர்ந்தது. மூன்றாவதாக வந்தது ராயபுரம். அந்த முதல் வரிசையில் கட்டியபடியே இன்னும் நின்றுகொண்டிருப்பதும், ரயில் நின்று போவதும் இங்கே மட்டும்தான். துணைக்கண்டத்திலேயே நிலைத்து நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இது. இதற்கு மேல் என்ன இருக்க வேண்டும்?

இதைக் கட்டிய மதராஸ் ரயில்வே கம்பெனி 1845-இல் லண்டனில் உருவானது. உடனே வேலை நடந்துவிடவில்லை. பணம் போட ஆள் வரவில்லை. போட்ட பணத்துக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறிப்பிட்ட வட்டி உண்டு என்று அரசு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் பங்குகள் விற்றன, 1853-இல் வேலை தொடங்கியது. அந்த வட்டிக்கான துண்டு விழும்போதெல்லாம் ஈடுகட்டியது இங்கே வசூலான வரிப்பணம். லண்டன் பங்குதாரருக்கு நஷ்டமில்லாமல் பார்த்துக்கொண்டது ஆற்காட்டு விவசாயியின் தீர்வை. ஆகவே, வெள்ளைக்காரன் கட்டிக் கொடுத்தது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. கம்பெனி கட்டியது, காசு நம்முடையது.

ஏன் ராயபுரம்? கோட்டைக்கு வடக்கே மதில் சூழ்ந்த கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன். வியாபாரமெல்லாம் அங்கேதான். அதைத் தாண்டி வடக்கே காலி இடம் இருந்தது, கடலும் பக்கத்தில். சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழக்கடலில் நிற்க, மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் சரக்கும் ஆளும் கரை சேர வேண்டும். அந்தப் படகுகளை ஓட்டியவர்களின் ஊர் ராயபுரம். ரயில் அவர்கள் வாசலில் வந்து நின்றது.

1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்து வைத்தார். சிம்சன் கம்பெனி கட்டிய பெட்டிகள். ஒரு ரயிலில் கவர்னரும் சுமார் 300 ஐரோப்பியர்களும் வாலாஜா வரை போனார்கள், போன இடத்தில் விருந்து. இன்னொரு ரயிலில் இந்தியர்களை ஏற்றித் திருவள்ளூர் வரை கூட்டிப் போனார்கள். முதல் நாளே இரண்டு ரயில்! இதையும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் செய்வேன். ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான ரயில் வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர் தூரத்துக்கு ஓடத் தொடங்கியது. அந்த நிலையத்துக்கு அப்போது ஆற்காடு என்று பெயர். பிறகு பாதை ஜோலார்பேட்டை, சேலம், போத்தனூர் என்று நீண்டு 1862-இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூர் பக்கம் போய்ச் சேர்ந்தது. 1873-இல் சென்ட்ரல் திறக்கும் வரை, சேலத்துக்காரரோ கோயமுத்தூர்க்காரரோ ரயிலில் சென்னை வந்தால் கால் வைத்த முதல் தரை ராயபுரம்தான்.

இனி கட்டடம். வில்லியம் அடெல்பி டிரேசி என்பவர் வரைந்தது. சென்ட்ரலையும் எழும்பூரையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ரயில் நிலையமாகவே தெரியாது. அதற்குக் காரணம் இருக்கிறது. குவிமாடமும் வளைவுகளும் கலந்த இந்தோ சாரசெனிக் பாணி இந்த ஊரில் வேரூன்றியது 1860-களுக்குப் பிறகு, சிஸம் போன்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர்கள் வந்த பின்னால். 1908-இல் திறந்த எழும்பூர் அந்தப் பாணியின் பிற்காலப் பிள்ளை. ராயபுரமோ 1857-க்கு முந்தியது, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிக் காலத்தது. கம்பெனி தன்னை ரோமாபுரி வாரிசு போல நினைத்துக்கொண்டு கிரேக்க, ரோமானியத் தூண்களை ஊரெங்கும் நட்டுவைத்த காலம். ராஜாஜி ஹால் என்று நாம் சொல்லும் 1802-இன் விருந்து மண்டபத்தைப் பாருங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் 1850-இல் திறந்த பச்சையப்பன் மண்டபத்தைப் பாருங்கள். ராயபுரம் அந்தக் குடும்பம். உயரமான தூண் வரிசை, அதன் பின்னால் நிழலான தாழ்வாரம், தலைக்கு மேலே எட்டாத கூரை. கவர்னர் வந்தால் தங்கிப் போக அலங்கரித்த அறைகளும் இருந்தன.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது அதன் பெருமிதம் இல்லை, காற்று. தாழ்வாரம் வெயிலைச் சுவரில் படவிடாது. உயரமான கூரை சூட்டை மேலே வாங்கிக்கொள்ளும். கடல் காற்று குறுக்கே போகும். மின்விசிறி வருவதற்கு முன்னால் மே மாதத்துச் சென்னையில் நூற்றுக்கணக்கானவர்கள் காத்திருக்க யோசித்துக் கட்டிய இடம் அது. தகரக் கூரை போட்ட ஒரு நிழற்குடையும் அதுவும் ஒன்றா? 170 வருடத்துக்கு முன்பு கட்டிய நிழல் பக்கத்திலேயே இருக்க, கும்மிடிப்பூண்டி வண்டிக்காக நிற்கும் பெண் புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

இங்கே ஏறி இறங்குகிறவர்கள் யார் என்று உங்களில் எத்தனை பேர் வந்து பார்த்திருப்பீர்கள் என்று தெரியவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு போகும் அம்மாக்கள், எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் பையன்கள், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வந்து திரும்பும் வயதானவர்கள், எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வருகிறவர்கள். யாரும் பாரம்பரியச் சுற்றுலாப் பயணிகள் இல்லை. உட்கார இடம், குடிக்கத் தண்ணீர், சுத்தமான கழிப்பறை, சாயங்காலம் இருட்டினால் வெளிச்சம் போதும் அவர்களுக்கு. இருட்டிய பிறகு நான் தனியாக அங்கே நிற்கத் தயங்குவேன். என் மகளை நிற்கச் சொல்ல மாட்டேன்.

நிலையம் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதும் ரகசியம் இல்லை. சென்ட்ரல் வந்தது. துறைமுகம் வளர வளர இந்தப் பக்கத்துத் தண்டவாளங்கள் சரக்குக்குத் தேவைப்பட்டன, 1907-இல் சென்ட்ரல்தான் முக்கிய முனையம் என்றானது. மதராஸ் ரயில்வே பிறகு இணைந்து உருவான மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் என்ற பெருமை மட்டும் 1922 வரை ராயபுரத்தில் இருந்தது. அதற்குப் பிறகு யார்டும் கூட்ஸும்தான். காலமாற்றத்தோடு சண்டை போட நான் வரவில்லை. துறைமுகம் வேண்டும், சரக்கு போக வேண்டும். ஆனால் சரக்கு போகும் வழியில் இருப்பதாலேயே ஒரு நிலையத்தை மறந்துவிட வேண்டும் என்று இல்லையே.

ராயபுரம் லோகோ ஷெட்டின் ஆர்.பி.எம். எழுத்துகளைப் பக்கவாட்டில் தாங்கிய இன்ஜின்கள் டெல்லி வரை போய் வருகின்றன. நாக்பூரிலும் ஜான்சியிலும் அந்த எழுத்தைப் பார்ப்பவர்கள் ராயபுரம் என்றால் பெரிய ஜங்ஷன் என்று நினைத்துக்கொள்வார்கள். வந்து பார்த்தால் தெரியும்.

2005-இல் கட்டடத்தைச் சீரமைத்தீர்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அன்று செய்யாமல் விட்டிருந்தால் இன்று இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது. அதற்குப் பிறகு இருபது வருடம் ஓடிவிட்டது. இடையில் எழும்பூருக்குச் சுமார் 735 கோடி ரூபாயில் மறுசீரமைப்பு தொடங்கியது. மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி நிலையங்களுக்கும் 2022-இல் அடிக்கல் நாட்டினார்கள். நல்லது, நடக்கட்டும். அந்தத் தொகையில் தூசு அளவு இருந்தால் ராயபுரத்தில் நான் கேட்பதெல்லாம் நடந்துவிடும்.

டெர்மினல் விவகாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னைக்கு மூன்றாவது முனையம் எங்கே என்ற பேச்சு வந்தபோதெல்லாம் ராயபுரத்தின் பெயர் அடிபட்டது. முடிவில் அது தாம்பரத்துக்குப் போனது. இப்போது நான்காவதுக்குப் பெரம்பூர் பேசப்படுகிறது. இங்குள்ள வியாபாரிகளும் அரசியல் கட்சிகளும் ராயபுரம்தான் வேண்டும் என்கிறார்கள், நீங்கள் தொழில்நுட்பக் காரணங்கள் சொல்கிறீர்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்ல எனக்குப் படிப்பு போதாது. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். டெர்மினல் கேட்கிறவர்கள், அது வந்தால் கட்டடம் தானாகச் சரியாகிவிடும் என்கிறார்கள். டெர்மினல் இல்லை என்கிறவர்கள், இருக்கும் கூட்டத்துக்கு இது போதும் என்கிறார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் கட்டடம் காத்துக்கொண்டிருக்கிறது. தயவுசெய்து இரண்டையும் பிரியுங்கள். டெர்மினல் வரட்டும், வராமல் போகட்டும். இன்று வந்து போகும் பயணிகளுக்கு இந்தக் கட்டடத்தைத் திறக்க அந்த முடிவு தேவையில்லை.

திறந்து வைத்தால் குடிகாரர்கள் வந்து படுப்பார்கள், பாதுகாப்பு இல்லை என்று ஒரு பதில் வரும். ஏற்கெனவே கேட்ட பதில்தான். வெறிச்சோடிக் கிடக்கும் இடத்தில்தான் அப்படிப்பட்டவர்கள் சேர்வார்கள். டிக்கெட் கவுன்ட்டரும் டீக்கடையும் நாலு பேர் நடமாட்டமும் இருக்கும் கூடத்தில் சேர மாட்டார்கள். பழைய கட்டடம் தாங்காது என்பது இன்னொரு பதில். இந்தக் கட்டடம் முனையமாக இருந்து ஐம்பது வருடம் போலக் கூட்டத்தைத் தாங்கியது. மும்பையில் விக்டோரியா டெர்மினஸ் (இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தினமும் லட்சக்கணக்கான பேர் அதற்குள் நடக்கிறார்கள், உள்ளேயே அருங்காட்சியகமும் வைத்து மக்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள். கூட்டம் போவதால் அது கெட்டுவிடவில்லை. கவனிப்பு தொடர்ந்து கிடைப்பதே கூட்டம் போவதால்தான் என்றுகூடச் சொல்வேன்.

கட்டடத்தை உண்மையில் கெடுப்பது வேறு. கடல் பக்கத்தில், உப்புக் காற்றில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டிய சுவருக்கு மேல் சிமென்ட் பூசி அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் சுவருக்குள் போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் போகும். உப்பு உள்ளேயே பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். பழைய வீடு வைத்திருக்கும் ஜார்ஜ் டவுன்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ஆனாலும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் குறைந்த டெண்டர் போட்டவரிடம் வழக்கமான பெயின்ட் வேலையாக இதைக் கொடுத்துவிடாதீர்கள்.

அருங்காட்சியகமாக்கிவிடுங்கள் என்று நல்ல மனதோடு சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைப் பக்கம் ரயில் மியூசியம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய இன்ஜின்கள் அங்கே நிற்கட்டும். ராயபுரத்தின் விசேஷமே அது இன்னும் நிலையமாக இருப்பதுதான். டிக்கெட் வாங்கி மியூசியம் பார்க்க என் வகுப்புப் பிள்ளையின் அம்மா வர மாட்டார். ரயிலுக்கு நிற்கும்போது சுவரில் ஒரு பழைய படம் இருந்தால் நின்று பார்ப்பார். ஒரு மூலை போதும்.

எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். பழைய கட்டடத்தின் கூடத்தைப் பயணிகள் காத்திருக்கும் இடமாகத் திறந்து, டிக்கெட் கவுன்ட்டரையும் அதற்குள் கொண்டுவாருங்கள். முதல் ரயில் வரும் நேரத்திலிருந்து கடைசி ரயில் போகும் வரை அது திறந்திருக்க வேண்டும். பெஞ்ச், குடிநீர், பெண்களுக்குப் பூட்டி வைக்காத கழிப்பறை, நிலையத்துக்கு உள்ளேயும் வெளிச்சாலை வரையும் விளக்கு. இதற்கெல்லாம் எந்த நிபுணர் குழுவும் கூட வேண்டியதில்லை. இந்த வருடமே செய்யலாம்.

தமிழில் பெரிய எழுத்தில் ஒரு வரலாற்றுப் பலகை வையுங்கள். அதில் சரியான தகவல் இருக்கட்டும். இந்தியாவின் முதல் ரயில் நிலையம் என்று யாராவது ஆர்வக்கோளாறில் எழுதிவிட வேண்டாம், அது தவறு. சென்னையில் ஓடிய முதல் ரயிலும் இங்கிருந்து ஓடியதில்லை. 1837-லேயே செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குச் சாலை போடக் கல் ஏற்றிவர ஒரு தண்டவாளம் இருந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம், நாட்டில் எஞ்சி நிற்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் என்பதே ஏராளம். உங்கள் ஆவண அறைகளில் இருக்கும் பழைய வரைபடங்கள், புகைப்படங்களின் நகல்களைக் கூடத்தின் சுவரில் மாட்டுங்கள்.

பள்ளி மாணவர்கள் வந்து பார்க்க யாரிடம் அனுமதி கேட்பது என்று ஒரே ஓர் அலுவலகத்தின் பெயரை அறிவியுங்கள். கேட்டால் ஒரு வாரத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ எழுத்தில் பதில் வர வேண்டும்.

கட்டடத்தின் இன்றைய நிலை என்ன, கூரையிலும் சுவரிலும் எங்கே பழுது, அடுத்து என்ன வேலை, எந்தப் பொருளால், எவ்வளவு செலவில் என்று பாரம்பரியக் கட்டட வல்லுநர்களை வைத்து ஓர் அறிக்கை தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வையுங்கள். அந்த அறிக்கை வரும் வரை சிமென்ட் பூச்சு வேலை எதுவும் வேண்டாம். யார்டிலோ பாதையிலோ எந்த விரிவாக்கம் வந்தாலும் இந்தக் கட்டடத்தைத் தொட மாட்டோம் என்ற உறுதியும் அந்த அறிக்கையிலேயே எழுத்தில் இருக்க வேண்டும்.

2031 ஜூன் 28 அன்று இந்த நிலையத்துக்கு 175 வயது. அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஒரு சிறப்பு ரயில் விடுங்கள். சாதாரண டிக்கெட்டில் எல்லாரும் ஒரே வண்டியில் போகும்படி விடுங்கள். அதற்குள் கூடத்தின் வேலை முடிந்திருக்க வேண்டும் என்று இப்போதே தேதி குறியுங்கள். மேலே கேட்டவற்றில் எது முடியும், எது முடியாது, முடியாதென்றால் ஏன் என்று இரண்டு மாதத்துக்குள் பதில் தாருங்கள். அந்தப் பதிலை எனக்கு மட்டும் அனுப்பாமல், நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ராயபுரத்தில் ரயில் ஏறும் ஓர் ஆசிரியை